எக்ஸ்-விங் மாதிரிக்கு அழுக்கேற்றுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் எக்ஸ்-விங் விண்போர்க்கலம் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோதே அது பழசாக இருந்தது. பெயின்ட் உரிந்து, எஞ்சின் பின்புறம் கரி படிந்து, ஒரு தகடு வெளுத்தும் பக்கத்துத் தகடு மங்கியும் கிடந்தது. கிளர்ச்சிப் படையிடம் காசில்லை, இருப்பதைச் செப்பனிட்டுத்தான் போருக்குப் போகிறார்கள் என்பதை அந்த அழுக்கே சொல்லிவிட்டது. அதனால்தான் இதன் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்யும்போது ஒட்டுவதைவிடக் கறைபடிய வைப்பதில் அதிக நேரம் செலவிடச் சொல்கிறேன். எந்தக் கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் முதல் மாதிரியே நன்றாக வரும்.

எந்த கிட் வாங்குவது?

பண்டாய் நிறுவனத்தின் 1/72 அளவு கிட் (நாமே பொருத்திச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) புதியவர்களுக்கு ஏற்றது. கதைப்படி டி-65 வகை எக்ஸ்-விங்கின் நீளம் 12.5 மீட்டர். 72ஆல் வகுத்தால் மாதிரி ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வரும். பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்திப் பொருந்துவதால் பசை வேண்டாம். வாங்கும்போது பெட்டியிலுள்ள படத்தில் எஞ்சின்களின் முன்வாயைப் பாருங்கள். நான்கும் முழு வட்டமாக இருந்தால் பழைய படங்களின் டி-65. அரைவட்டமாக இருந்தால் அது பிற்காலப் படங்களில் வரும் டி-70. இந்தச் செய்முறை டி-65க்கானது.

இதைத் தவிர நிப்பர் (பிளாஸ்டிக் வெட்டும் சிறு குறடு), கூரான கத்தி, 400, 800 எண் உப்புத்தாள், மெல்லிய தூரிகை ஒன்று, தட்டையான தூரிகை ஒன்று, மாஸ்கிங் டேப், சாம்பல் நிற ப்ரைமர் ஸ்ப்ரே (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிப்பது), சில அக்ரிலிக் வண்ணங்கள், பளபளப்பு வார்னிஷ், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், கொஞ்சம் ஸ்பாஞ்சு, கறுப்பு பேஸ்டல் சாக்கட்டி ஒன்று ஆகியவை போதும்.

படி 1: வெட்டுதல், பொருத்துதல்

பாகத்தை, அது ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, பிறகு மிச்சமிருக்கும் முனையை ஒட்ட வெட்டுங்கள். ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் அழுந்தி அந்த இடம் வெளுத்துவிடும். மிஞ்சிய புள்ளியை உப்புத்தாளால் தேய்த்து, எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது.

விமானி அறையின் உட்புறத்துக்கு முதலில் வண்ணம் பூசி முடித்துவிடுங்கள். உடலை மூடிய பின் தூரிகை உள்ளே போகாது. சிறகுகளை இணைக்கும்போது விளக்கத்தாளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இடதுபக்க மேல் சிறகும் வலதுபக்கக் கீழ் சிறகும் ஒரு ஜோடி, மற்ற இரண்டும் இன்னொரு ஜோடி. கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல நடு அச்சில் குறுக்கே திறந்தால்தான் எக்ஸ் வடிவம் கிடைக்கும். சிறகு முனைகளில் வரும் நான்கு லேசர் பீரங்கிகளைக் கடைசிவரை பொருத்த வேண்டாம். அவ்வளவு மெல்லியவை, கை பட்டாலே வளையும்.

படி 2: அடிவண்ணம்

கண்ணாடிக் கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, ஒரு சாண் முதல் ஓர் அடி தூரத்தில் பிடித்துக்கொண்டு ப்ரைமரை மெல்லிய படலமாக அடியுங்கள். ஒரே மூச்சில் மூட நினைத்தால் தகட்டுக் கோடுகள் (தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பள்ளங்கள்) நிரம்பிவிடும். மழைநாளில் ஸ்ப்ரே வேண்டாம், ஈரக் காற்றில் படலம் வெளுத்துப் பூத்துப்போகும்.

அடுத்தது உடல் நிறம். தூய வெள்ளை பொம்மைத்தனமாகத் தெரியும். வெள்ளையில் வெளிர் சாம்பலும் துளி பழுப்பும் கலந்துகொள்ளுங்கள். அது காய்ந்ததும், அதே கலவையில் இன்னும் கொஞ்சம் சாம்பல் சேர்த்து, நாலைந்து தகடுகளை மட்டும் டேப் ஒட்டித் தனியாகப் பூசுங்கள். சிலவற்றில் மஞ்சள் சாயல் இருக்கலாம். வேறொரு கலத்திலிருந்து கழற்றி மாட்டிய தகடுகள் என்று அவை உடனே கதை சொல்லும். படத்துக்காக மாதிரிகளைச் செய்த ஐஎல்எம் (படத்தின் சிறப்புக் காட்சிகளை உருவாக்கிய நிறுவனம்) கலைஞர்களே டாங்க், கார், விமானப் பிளாஸ்டிக் கிட்களின் உதிரிகளை எடுத்து ஒட்டித்தான் இந்த நுணுக்கமான தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள்.

படி 3: சிவப்புப் பட்டைகள்

படத்தின் நாயகன் லூக் ஓட்டும் கலத்தின் பெயர் ரெட் ஃபைவ், அதாவது சிவப்புப் படைப்பிரிவின் ஐந்தாம் கலம். இந்தப் படைப்பிரிவுக்கு முதலில் நீல நிறமே திட்டமிடப்பட்டிருந்தது. மாதிரிகளை நீலத் திரையின் முன் படம்பிடித்து, பிறகு அந்த நீலத்தை நீக்கி விண்வெளியைச் சேர்த்ததால், கலத்தின் நீலமும் காணாமல் போகும் என்று சிவப்புக்கு மாற்றினார்கள். விமானிக்குப் பின்னால் உட்காரும் டிராய்டான (ரோபோவான) ஆர்2-டி2வுக்கும் இதே சிக்கல் வந்தது. விண்வெளிக் காட்சிகளில் அதன் நீலப் பகுதிகள் கறுப்பாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே உங்கள் மாதிரியில் அதை நீலமாகப் பூசினாலும் கறுப்பாகப் பூசினாலும் சரியே.

பட்டைகளுக்கு கிட்டில் உள்ள டெகால்களை (ஒட்டும் மெல்லிய அச்சுப் படலங்களை) பயன்படுத்தலாம். டேப் ஒட்டித் தூரிகையால் பூசுவது எனக்குப் பிடிக்கும், ஏனெனில் வெயிலில் வெளுத்த சிவப்பு நம் கையில் இருக்கும். சிவப்பில் சிறிது பழுப்பும் வெள்ளையும் சேர்த்தால் போதும். டெகால் ஒட்டுவதென்றால் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். சொரசொரப்பான பரப்பில் டெகாலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும்.

படி 4: கோடுகளில் அழுக்கு

டெகால் ஒட்டாவிட்டாலும் இதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். அது காய்ந்தபின், கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். தகட்டுக் கோட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் அது தானாக ஓடும். எனாமல் வாஷ் (எனாமல் வண்ணத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்தது) இன்னும் அழகாக வரும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அழுந்திப் பொருந்தும் கிட்களில் இணைப்புகள் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், அங்கே எனாமல் தின்னர் கசிந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். முதல் மாதிரிக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

மிச்சத்தைத் துடைக்கும் திசை முக்கியம். ஈரமான பஞ்சுக்குச்சியால் மூக்கிலிருந்து வாலை நோக்கி மட்டும் இழுங்கள். விண்வெளியில் காற்றில்லைதான். ஆனால் இந்தக் கலம் கோள்களின் வளிமண்டலத்திலும் பறக்கிறது, படத்தில் யாவின் கோளின் நிலவிலுள்ள காட்டுத் தளத்திலிருந்து கிளம்புகிறது. பறக்கும்போது ஒழுகிய எண்ணெய் பின்னோக்கித்தான் போகும். நிறுத்தி வைத்தபோது கசிந்தது கீழ்நோக்கி வழியும், ஆகவே உடலின் பக்கவாட்டில் மட்டும் ஓரிரு செங்குத்துக் கோடுகள் விடலாம்.

படி 5: உரிந்த பெயின்ட்

ஸ்பாஞ்சுத் துண்டில் அடர்சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியை ஒற்றியெடுத்துவிட்டு, மாதிரியில் லேசாக ஒற்றுங்கள். எங்கே என்பதில்தான் எல்லோரும் வழி தவறுகிறார்கள். பெயின்ட் உரிவது மனிதக் கையும் காலும் படும் இடங்களில்: விமானி ஏறும் பக்கம், கண்ணாடிக் கூரையின் விளிம்பு, டிராய்டை இறக்கும் குழியின் ஓரம், பழுது பார்ப்பவர் திறந்து மூடும் எஞ்சின் தகடு. அதோடு சிறகின் முன்விளிம்பு. தகட்டின் நடுவே காரணமின்றிப் புள்ளிகள் விழுந்தால் அம்மை போட்டது போலாகிவிடும். கை பரபரக்கும்போது நிறுத்திவிட்டு, மறுநாள் பார்த்துத் தேவையென்றால் சேருங்கள்.

படி 6: கரி

பீரங்கிகளை இப்போது பொருத்தி, முழு மாதிரிக்கும் மேட் வார்னிஷ் அடியுங்கள். காய்ந்ததும் கண்ணாடிக் கூரையின் டேப்பை எடுத்துவிடலாம். பிறகு பேஸ்டல் சாக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, உலர்ந்த தூரிகையால் எஞ்சின் பின்வாய்களிலும் பீரங்கி முனைகளிலும் தடவுங்கள். வாயின் விளிம்பில் கறுப்பாகத் தொடங்கி விலக விலக மறைய வேண்டும். நான்கு எஞ்சினுக்கும் ஒரே அளவு கரி வேண்டாம். ஒன்று மற்றவற்றைவிட மோசமாகப் புகை கக்கியிருக்கட்டும்.

பொடிக்கு மேல் மறுபடி வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும். எனவே அப்படியே விட்டுவிட்டு, இனி மாதிரியை எடுக்கும்போதெல்லாம் மூக்குப் பகுதியைப் பிடித்தே தூக்குங்கள்.