கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளை எண்ணுவது எப்படி?

மங்கோலியா, திபெத் பகுதிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகின்றன. 1994இல் சரணாலயமான இந்தக் குளம் அவற்றுக்குப் பகல் தங்கல்தான். இரை தேடுவது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், சுற்றுவட்டார வயல்களில். குளத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

வேண்டியவை: 8×42 பைனாகுலர், 20–60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி), அதைப் பொருத்த முக்காலி, நோட்டு. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை கிளப்பினால் கூட்டம் முழுதும் பறந்துவிடும்.

இடமும் நேரமும். கரையில் மூன்று நான்கு இடங்களைக் குறித்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே எண்ணுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். 9 மணிக்குள் முடியுங்கள். அதற்குமேல் கானல் எழுந்து ஸ்கோப்பில் தலை வரிகளே தெரியாது. நவம்பர் முதல் மார்ச் வரை 15 நாளுக்கு ஒருமுறை போதும்.

எண்ணுதல். முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தக் கூட்டம் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்துப் பத்தாக நகருங்கள். புதியவர்கள் பெருங்கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். படம் எடுத்து வீட்டில் சரிபாருங்கள். மாலையில் வயலுக்குக் கிளம்பும்போது வானத்தின் பின்னணியில் எண்ணுவது இன்னும் எளிது. தலையில் இரண்டு கறுப்பு வரிகள் இல்லாதவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். அவற்றைத் தனியாக எழுதினால் அவ்வருட இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம். கழுத்தில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் கண்டால் நிறத்தையும் எழுத்து, எண்களையும் குறியுங்கள். மங்கோலியாவில் வளையமிட்டவை தென்னிந்தியாவில் தென்பட்டிருக்கின்றன.

எண்ணிக்கை குறைந்தால் பதறாதீர்கள். மடையருகே நீர்மட்டத்தை ஒரே அடையாளத்தில் அளந்து வந்தால் காரணம் பிடிபடும். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிறைந்தால், இவை மேயும் கரைப் புல்தரை மூழ்கிவிடும். வாத்துகள் வேறு குளத்துக்குப் போயிருக்கலாம். அதனால் அதே காலையில் விஜயநாராயணம், நாங்குநேரிக் குளங்களிலும் ஆள் நிற்பது அவசியம்.

பாதுகாப்பு வேலை. வாத்துக்குத் திறந்த கரை வேண்டும், ஆகவே கரையில் முளைக்கும் சீமைக்கருவேலங்கன்றுகளைப் பிடுங்கலாம். ஆனால் குளத்துக்குள் நிற்கும் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். ஜேசிபி விட்டு எல்லாவற்றையும் வழிப்பது பெருந்தவறு. கூடு காலியாகி, வலசைப் பறவைகள் வருமுன், குளம் வற்றிய நாட்களில் மட்டும் செய்யுங்கள். வெடிச் சத்தத்தைத் தவிர்க்கும் கூந்தன்குளத்து மக்களின் கட்டுப்பாடு எந்த வேலியையும்விட வலியது. வயல்காரர்களிடம் பேசி, பூச்சிமருந்து எப்போது அடிக்கிறார்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

செத்த பறவையைத் தொடாதீர்கள். 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியிலும், 2020–21 குளிர்காலத்தில் இமாசலத்தின் பாங் அணையிலும் பறவைக் காய்ச்சலால் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து, தூரத்திலிருந்தே படமெடுத்து, வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் அன்றே சொல்லுங்கள்.