பூவாருக்கு சைக்கிளும் படகும்: முதல் முறையாகக் குழுவை அழைத்துப் போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு முனையில் இருக்கும் கொல்லங்கோட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பி, கேரள எல்லையைத் தாண்டி, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரில் படகில் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தூரம் அதிகம் இல்லை, வழியில் சாயாக்கடைகளுக்கும் பஞ்சம் இல்லை. முதல் முறையாக ஆறேழு பேரை அழைத்துப் போகிறவருக்கு இதைவிடத் தோதான பாதை இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் பலருக்கு இந்தப் பயணம் பாதியில் குலைந்துபோகிறது. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று முதலில் பேசி முடித்துவிட்டு, படகை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சைக்கிள் நாம் சொன்னபடி கேட்கும். காற்றும் வெயிலும் தண்ணீரும் கேட்காது. ஆகவே படகின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

படி 1: மாதம்

டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி முடிய நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கடல் கொந்தளித்து, எல்லைக்கு அப்பால் உள்ள பொழியூர் பக்கத்துக் கடலோரச் சாலையை அரித்துவிடும். அந்தக் கரையில் கடலரிப்பு ஆண்டுதோறும் நடப்பதுதான். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. மார்ச், ஏப்ரலில் வெயில் தாங்காது. பங்குனிப் பரணி நாளை மட்டும் தப்பாமல் தவிர்த்துவிடுங்கள். கொல்லங்கோடு பத்திரகாளி கோவிலில், நேர்ச்சையாகக் குழந்தைகளை உயரத் தூக்கும் தூக்கத் திருவிழா நடக்கும் நாள் அது. அன்று ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவும் இடம் கிடைக்காது. திருவிழா பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியாகப் போங்கள்.

படி 2: படகு

நெய்யாற்றின் தென்கரையில் பொழியூர், வடகரையில் பூவார். இரு கரைகளிலும் படகுத்துறைகள் உண்டு. கொல்லங்கோட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பொழியூர்ப் பக்கமே வசதி. பாலத்தைக் கடந்து பஸ்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, இருசக்கர வாகனத்திலோ பஸ்ஸிலோ நீங்கள் மட்டும் ஒரு முறை போய் நேரில் பேசிவிட்டு வாருங்கள். சாலையிலேயே வழிமறித்து, "படகு வேணுமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிரித்துவிட்டுக் கடந்துபோய்த் துறையிலேயே பேசுங்கள். அங்குள்ளவர்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். "சேட்டா" (அண்ணா) என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தைத் தமிழிலேயே கேட்கலாம்.

முதல் கேள்வி: சொல்லும் தொகை படகுக்கா, ஆளுக்கா? இதைக் கேட்காமல் ஏறிவிட்டு, இறங்கும்போது தகராறு செய்வது வீண். அடுத்தது நேரம். ஒன்றரை மணி நேரம் என்றால், படகு கரையை விட்டு நகரும்போதிருந்து கணக்கா, ஆள் ஏறியதிலிருந்தா? பிறகு பாதை. கண்டல் (அலையாத்தி) மரங்களுக்கு இடையே போகும் குறுகிய வாய்க்கால் உண்டா, ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரை போவார்களா, மணல்திட்டில் இறக்கி விடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விலை ஏன் குறைகிறது என்பதும் இதில்தான் வெளிப்படும். குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிறவர் பெரும்பாலும் வாய்க்காலை விட்டுவிட்டு, ஆற்றின் நடுவே ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடுவார். என்னைக் கேட்டால் பூவாரில் பார்க்க வேண்டியது அந்த வாய்க்கால்தான். பொன்மணல் கடற்கரை எல்லோருடைய புகைப்படத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாக, பாதுகாப்பு. உயிர்காப்பு அங்கியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, குழந்தைகளின் அளவில் இருக்கிறதா, கொக்கிகள் பூட்டுகின்றனவா என்று கையால் பூட்டிப் பாருங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த நேரத்தில் கிளம்பிய படகு அது. இதையெல்லாம் கேட்டதற்குப் படகுக்காரர் முகம் சுளித்தால் அடுத்த படகைப் பாருங்கள்.

படி 3: பின்னோக்கி ஒரு கணக்கு

காலை 9 மணிப் படகைப் பேசிக்கொள்ளுங்கள். சூரிய அஸ்தமனப் படகு பெயர்போனதுதான், ஆனால் முதல் முறை அது வேண்டாம். இறங்கியதும் இருட்டில் பழகாத சாலையில் சைக்கிள் ஓட்ட நேரும். முற்பகல் முடியும்போது கடல்காற்று எழும்பிவிடும், பொழிமுகத்தில் தண்ணீர் அலைபாயத் தொடங்கும். ஒன்பது மணிக்கு ஆறு இன்னும் அமைதியாக இருக்கும். நீர்க்காகமும் மீன்கொத்தியும் மரக்கிளைகளை விட்டுக் கிளம்பியிருக்காது.

9 மணிக்குப் படகு என்றால் 8.30-க்குத் துறையில் இருக்க வேண்டும். கொல்லங்கோட்டிலிருந்து கடலோரமாகப் பொழியூர் 10 கிலோமீட்டருக்கு உள்ளேதான். பழகாதவர்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி. ஆக, 7 மணிக்குச் சைக்கிள் நகர வேண்டும். 6.30-க்கு எல்லோரும் கூட வேண்டும். குழுவிடம் 6.15 என்று சொல்லிவையுங்கள், ஏனென்று உங்களுக்கே தெரியும்.

"இவ்வளவு குறைந்த தூரமா?" என்று குழுவில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். திரும்பி வரும்போது அவரே பதிலும் சொல்லிவிடுவார்.

படி 4: சைக்கிள்

புதிய சைக்கிள் தேவையில்லை, சொந்தச் சைக்கிளும் தேவையில்லை. தேவையானது உடம்புக்குப் பொருந்திய சைக்கிள். இருக்கையில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் இருக்கையை உயர்த்துங்கள். தரையில் இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும் என்று பலர் இருக்கையைத் தாழ்த்திவைக்கிறார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் முழங்கால் முறையிடத் தொடங்கும்.

டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தத்தின் அளவு எண்களில் அச்சிடப்பட்டிருக்கும். முந்தைய நாள் மாலையே அந்த அளவுக்குக் காற்று அடித்துவையுங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் நகரக்கூடாது. குழுவுக்குப் பொதுவாக ஒரு பம்ப், டயர் கழற்றும் நெம்பு, சக்கர அளவுக்கேற்ற இரண்டு டியூப், நீளமான ஒரு சங்கிலி, பூட்டு. தலைக்கவசம் ஆளுக்கு ஒன்று. அதில் பேச்சே கிடையாது. வெளியூர்க்காரர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து மினி டெம்போவில் சைக்கிள்களை ஏற்றிக் கொல்லங்கோட்டுக்குக் கொண்டுவரலாம்.

படி 5: சாலையில்

வழிகாட்டி எப்போதும் கடைசியில் வர வேண்டும். முன்னால் போனால் பின்னால் சங்கிலி கழன்று நிற்பவர் உங்கள் கண்ணில் படமாட்டார். பாதை தெரிந்த ஒருவரை முன்னால் விடுங்கள், அவருக்கு அடுத்ததாகக் குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவரை வையுங்கள். குழுவின் வேகம் தானாக அவருடைய வேகமாகிவிடும், அவரும் கடைசியில் தனித்து மூச்சிரைக்க வேண்டியிருக்காது. ஒற்றை வரிசை, இரண்டு சைக்கிள் நீள இடைவெளி.

கொல்லங்கோட்டிலிருந்து நீரோடிக்கு இறங்குங்கள். தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரை இந்த மீனவக் கிராமத்தோடு முடிகிறது. இங்கிருந்து கிழக்கே தூத்தூர் வரை வரிசையாக உள்ள ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் இந்த ஊர்கள் பறிகொடுத்தது அதிகம். ஆகவே கூச்சலும் மணியடிப்பும் இல்லாமல் கடந்துபோங்கள், வீட்டு வாசல்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இந்தப் பகுதியில் கண் தரையில் இருக்கட்டும். காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் சாலை ஓரத்தில் மெல்லிய படலமாகக் கிடக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. முன்சக்கரம் அதில் ஏறிய கணத்தில் ஹேண்டில் லேசாக வழுக்கும். அப்போது முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவது உறுதி. பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்; பெடலை நிறுத்தி, நேராக உருண்டு வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று வலை. உலரப்போட்ட வலையின் நைலான் இழை சங்கிலிக்குள் சிக்கினால் உருவி எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும், வலைக்காரருக்கும் நஷ்டம். வலை கிடந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

எல்லையைத் தாண்டியது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலமாக இருந்த மண்தானே. சாயாக்கடையில் புட்டும் பயறும் பப்படமும் கிடைக்கும். அரை வயிற்றுக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். கடலோரச் சாலை அரித்துக்கொண்டு போயிருந்தால் ஊரம்பு வழியாக உள்சாலையில் போகலாம். ஏற்ற இறக்கம் கொஞ்சம் கூடும், இருபது நிமிடம் அதிகமாக ஒதுக்குங்கள்.

படி 6: துறையில்

சைக்கிள்களை ஒன்றோடொன்று சாய்த்து, சங்கிலியைச் சட்டகத்துக்குள்ளும் பின்சக்கரத்துக்குள்ளும் கோத்துப் பூட்டுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டுவது பூட்டாததற்குச் சமம். அலைபேசி நீர்புகாத உறைக்குள் போகட்டும். தலைக்கவசத்தைக் கழற்றி உயிர்காப்பு அங்கியைப் போட்டு, நீங்கள் ஒவ்வொருவரின் தோள்பட்டையிலும் அதைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை எழும்பினால் வாரை இறுக்க வேண்டும். "நீச்சல் தெரியும்" என்று சொல்கிறவருக்கும் இதே விதி.

படி 7: படகில்

எடை கூடியவர்கள் நடுவில், குழந்தைகள் பெரியவர்களுக்கு இடையில். தண்ணீரில் கை விடக்கூடாது. பறவையோ எதிரே வரும் படகோ கண்ணில் பட்டால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போகக்கூடாது என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், வனவிலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதும் சாய்ந்து கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள். எழுந்து நிற்க வேண்டுமானால் படகோட்டியிடம் கேட்டுவிட்டு, ஒருவர் மட்டும்.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள். தாழையும் கண்டலும் இரு பக்கமும் தலைக்குமேல் கவிந்திருக்கும். இந்த நீர்வழிகளோடு சேர்ந்ததுதான் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860-இல் தொடங்கிய திருவிதாங்கூர்த் திட்டம். நினைத்தபடி முடியவே இல்லை. கொல்லங்கோட்டுப் பக்கம் அதன் மிச்சத்தை ஆகாயத்தாமரையும் குப்பையும் மூடிக் கிடப்பதைச் சைக்கிளில் வரும்போதே பார்த்திருப்பீர்கள். இங்கே அது தண்ணீரோடு இருக்கிறது. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாற்றின் தண்ணீர் இடதுகரைக் கால்வாய் வழியாக ஒரு காலத்தில் நம் விளவங்கோட்டு ஏலாக்களுக்கும் (வயல்வெளிகளுக்கும்) பாய்ந்தது. 2004-இல் நின்றுபோனது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. படகில் நம் ஊர் விவசாயி யாராவது இருந்தால் இந்தப் பேச்சு தானாக வரும்.

மணல்திட்டில் இறங்கினால் கடலையும் ஆற்றையும் ஒருசேரப் பார்க்கலாம். குளிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் பொழிமுகத்து மணல் உடைந்து ஆறு கடலுக்குள் பாயும், கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று அப்படி இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணுக்கால் நனைவதோடு சரி.

படி 8: சாப்பாடும் திரும்புதலும்

10.30-க்குக் கரையேறினால் வெயில் ஏறியிருக்கும். உடனே கிளம்ப வேண்டாம். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்), பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி), பிறகு நிழலான இடம். பன்னிரண்டு மணிக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். இதில் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம், ஏனென்றால் 3.30 வரை ஓட்டப்போவதில்லை. கடைக்காரரிடம் காலையிலேயே ஆள் எண்ணிக்கையைச் சொல்லிவைத்தால் மீன் தீர்ந்துபோகாது.

வந்த வழியிலேயே திரும்புங்கள். புது வழி காட்டுகிறேன் என்று யாராவது உற்சாகப்பட்டாலும் இடம் கொடுக்காதீர்கள். காலையில் இறங்கிய சரிவு இப்போது ஏற்றம். முடியாதவர்கள் இறங்கித் தள்ளலாம் என்று நீங்களே முதலில் இறங்கிக் காட்டினால் யாருக்கும் வெட்கமாக இருக்காது. அவசரம் என்றால் களியக்காவிளைக்குப் பஸ் இருக்கிறது. தெரிந்தவர் கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போனதும் அன்று இரவே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்தால் சங்கிலியில் சீக்கிரம் துரு ஏறிவிடும். துணியால் துடைத்து, சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில முறை சுற்றி, வழிகிற எண்ணெயைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.