தீவின் கடலைக் காக்கக் கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிறு தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைக்கும் கடற்புல் வெளிக்கும் பேராசைக்காரர்கள் மட்டுமே கேடு செய்வதில்லை. காப்பாற்றக் கிளம்பியவர்களும் அறியாமல் செய்துவிடுகிறார்கள். 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம், மீன்களுக்கு வீடு அமைப்பதாக எண்ணி இருபது லட்சம் அளவுக்குப் பழைய டயர்களைக் கடலில் இறக்கினார்கள். கட்டுகள் அறுந்ததும், புயலில் உருண்ட டயர்கள் அருகிலிருந்த இயற்கைப் பவளப்பாறையையே இடித்து நொறுக்கின.

அலையாத்தி நடுவதிலும் இதே அவசரம் தெரிகிறது. சேற்றுத் திடல் திறந்து கிடக்கிறதே என்று வரிசையாகக் கன்றுகளை ஊன்றிவிடுகிறார்கள். படம் எடுக்கவும் அது வசதியான வேலைதான். ஆனால் ஓதம் இறங்கும்போது மட்டும் சிறிது நேரம் வெளித்தெரியும் தாழ்வான திடலில், நீரில் நெடுநேரம் மூழ்கிக் கிடக்கும் கன்று மூச்சுமுட்டி அழுகிவிடும். அங்கே ஏற்கெனவே இருந்த கடற்புல்லும் மிதிபட்டு அழியும். முன்பு அலையாத்தி இருந்து அழிந்த இடமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆம் எனில், அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே பெரும்பாலும் விதைகள் தாமாக வந்து முளைக்கும்.

ஆமைக்குஞ்சுகள் விஷயத்தில் இரக்கமே எதிரியாகிவிடுகிறது. இரவில் மணலைப் பிளந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் மிகுந்த தொடுவானத்தையே கடல் என்று நம்பி ஊர்கிறது. அதற்கு வழிகாட்டுவதாகக் கரையில் நின்று நாம் பிடிக்கும் டார்ச் வெளிச்சம் அதைத் திசைதிருப்பிவிடும். பலமில்லாமல் இருக்கிறதே என்று தொட்டியில் சில நாள் வைத்து வளர்ப்பது அதைவிடப் பெரிய தவறு. வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள்கருவை நம்பித்தான் அது முதல் ஒருநாள் இடைவிடாமல் நீந்தி, மீன்கள் பிடித்துத் தின்னும் கரையோரத்தைத் தாண்டுகிறது. அந்தச் சக்தியைத் தொட்டியின் சுவரில் முட்டி முட்டியே தீர்த்துவிடுகிறது.

படகுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தெளிந்த நீரில் கரும்பட்டையாகத் தெரிவது பாறையாகவோ கடற்புல்லாகவோ இருக்கலாம், வெளிறிய மணலில் மட்டுமே நங்கூரம் போடுங்கள்.

கடலை மட்டும் பார்த்துவிட்டு நிலத்தை மறப்பது கடைசித் தவறு. கடற்பறவைகளின் எச்சம் மழையில் கரைந்து இறங்கிப் பவளப்பாறைக்கு ஊட்டம் தருகிறது. படகில் வந்திறங்கும் எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிட்டால், அந்த ஊட்டமும் நின்றுபோகிறது. ஆகவே தீவுக்குப் போகும் மூட்டைகளைப் புறப்படும் துறையிலேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.