களிமண்ணில் எஸ்.பி.டி.: எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

சாயில் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் நேராக எஸ்.பி.டி. (குழாயை மண்ணில் அடித்து இறக்கி வலிமையை மதிப்பிடும் சோதனை) தரும் 'என்' எண்ணுக்குத்தான் போகும். மணலில் அதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. களிமண்ணில் அது வெறும் தோராயம். அதை மட்டும் வைத்து அஸ்திவாரத்தை முடிவு செய்தால் சிக்கல்தான்.

63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து போட்டுக் குழாயை 45 செ.மீ. இறக்குகிறார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே 'என்'. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று 15 செ.மீ. பகுதிகளின் அடிகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கரிசல் மண்ணில் 3, 4, 19 என்று வந்தால் 'என்' 23. ரிப்போர்ட் 'மிகக் கெட்டியான களிமண்' என்று சொல்லிவிடும். உண்மையில் கடைசியில் குழாய் ஒரு சுக்கான் கல்லில் முட்டியிருக்கலாம். நடுப் பகுதியின் 4 அடியை இரட்டித்தால், களிமண்ணின் எண் 8-ஐச் சுற்றித்தான் இருக்கும்.

சரி, 8 என்றே வைப்போம். 'என்'-ஐ வலிமையாக மாற்றித் தரும் டெர்சாகி-பெக் அட்டவணைப்படி அதற்கு 100 கிலோபாஸ்கல். ஆனால் அது மண் மாதிரியை நசுக்கிப் பார்க்கும் அமுக்க வலிமை. ஷியர் வலிமை, அதாவது மண் சறுக்காமல் தாங்கும் வலிமை, அதில் பாதி, 50 தான். 100-ஐ அப்படியே ஷியர் வலிமையாகப் போட்டால் பாதுகாப்புக் காரணியில் பாதி அங்கேயே காலி. மண்ணில் கையால் குத்திப் பார்க்கும் சிறு கருவியான பாக்கெட் பெனிட்ரோமீட்டரிலும் இதே குழப்பம் உண்டு: பெரும்பாலான கருவிகளின் அளவுகோல் காட்டுவது அமுக்க வலிமையைத்தான்.

'என்' எண்ணில் மேல்மண் அழுத்தத்துக்காகச் செய்யும் திருத்தம் மணலுக்கு உரியது. நீர்மட்டத்துக்குக் கீழே செய்யும் திருத்தம் நுண்மணலுக்கும் வண்டலுக்கும். எக்செல் தாளில் ஃபார்முலா இருக்கிறது என்பதற்காகக் களிமண் வரிசைக்கும் அதை இழுத்துவிடுகிறார்கள், என்ன செய்வது! சுத்தியலின் ஆற்றல் திருத்தம் வேறு விஷயம், அது எந்த மண்ணுக்கும் தேவை. கயிற்றை இழுப்பவர் களைத்துப்போய்ச் சுத்தியலைக் குறைவாகத் தூக்கினால் அடிகள் கூடும், மண் உள்ளதைவிட வலுவாகத் தெரியும்.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் எடுத்த மேல்மட்ட எண்ணை ஐப்பசி மழைக்குப் பிறகு நம்ப முடியாது. சோதனை எந்த மாதம் நடந்தது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், கடலோரச் சேற்றுக் களிமண்ணில் எஸ்.பி.டி.யை நம்புவது. சுத்தியலை வைத்ததுமே கம்பி தானாக இறங்கும், 'என்' பூஜ்யம். அதற்காக வலிமையும் பூஜ்யம் ஆகிவிடாது. அங்கே 10 கிலோபாஸ்கலா 20-ஆ என்பதுதான் மண்கரை நிற்குமா சரியுமா என்பதைத் தீர்மானிக்கும். அந்த வித்தியாசத்தை எஸ்.பி.டி. காட்டவே காட்டாது. வேன் ஷியர் சோதனை (இறக்கை போன்ற தகடுகளை மண்ணுக்குள் சுழற்றிப் பார்ப்பது) செய்யுங்கள், முடிந்தால் கூம்பு முனையை மண்ணில் அழுத்தி இறக்கும் கோன் சோதனையும். வேன் தரும் எண்ணையும் பிளாஸ்டிசிட்டி (பிசையும் தன்மை) அதிகமுள்ள களிமண்ணில் பியெரும் (Bjerrum) திருத்தக் காரணியால் குறைத்த பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும்.