பல்செட் தளராமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்செட் லூசாகிவிட்டால் எல்லோரும் செட்டைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் செட் அப்படியேதான் இருக்கும். அதைத் தாங்கும் தாடை எலும்புதான் கரைந்திருக்கும். பல் பிடுங்கிய இடத்தில் முதல் ஆண்டில் எலும்பு வேகமாகக் கரையும். அதன் பிறகு வேகம் குறையுமே தவிர நிற்காது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைதான் அதிகம் தேயும். கீழ் செட் முதலில் ஆட்டம் காண்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இது தெரியாமல் பலர் செய்வது, ஒட்டும் பசையைக் கூட்டிக்கொண்டே போவது. சரியாகப் பொருந்தும் செட்டுக்குப் பசை தேவைப்பட்டாலும் மூன்று நான்கு சின்னப் பொட்டுகள் போதும். ட்யூப் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்கிறது என்றால், செட்டின் உட்பக்கத்துக்குப் புது அடுக்கு கொடுக்கும் ரீலைனிங் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். துத்தநாகம் கலந்த பசையை நெடுங்காலம் அளவுக்கு மீறிப் பூசியவர்களுக்கு உடலில் தாமிரச் சத்து குறைந்து, நரம்பு பாதித்து, கைகால் மரத்துப்போனதும் உண்டு. துத்தநாகம் இல்லாத பசைகளும் கிடைக்கின்றன.

‘பழகிவிட்டது’ என்று ஆடும் செட்டையே வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பதும் வம்புதான். ஓரம் உரசி உரசி ஈறு மடிப்பு மடிப்பாகத் தடித்துவிடும். சில சமயம் அந்தச் சதையை வெட்டி எடுத்த பிறகுதான் புது செட்டுக்கு அளவே எடுக்க முடியும்.

உறுத்தும் இடத்தை அரத்தால் தேய்ப்பது, உடைந்ததைச் சூப்பர் க்ளூவால் ஒட்டுவது ஆகிய இரண்டும் வேண்டாம். ஒரு மயிரிழை மாறினாலும் கடி மாறிவிடும். மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாள், வலி பொறுக்கும்படி இருந்தால், செட்டைப் போட்டிருங்கள். ஈறில் சிவந்த தடம் தெரிந்தால்தான் எங்கே தேய்க்க வேண்டும் என்பது அவருக்குப் புரியும்.

கொதிநீரில் போட்டால் செட்டின் அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) வளைந்துவிடும்; காயவிட்டாலும் உருமாறும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவையுங்கள். அப்போது ஈறுக்கும் ஓய்வு கிடைக்கும். போட்டபடியே தூங்கினால் பூஞ்சை தொற்றி அண்ணம் சிவந்து வீங்கலாம். வீங்கிய ஈறில் எந்த செட்டும் சரியாக உட்காராது. கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. டூத்பேஸ்ட் கீறல் போடும். பிரஷ்ஷும் மென்மையான சோப்பும் போதும்.

வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? செட் கடித்ததுதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வாய்ப் புற்றும் அப்படித் தொடங்கலாம், உடனே காட்டிவிடுங்கள்.