நிலக்காட்சி ஓவியத்தில் சொந்தக் கை: பிடித்த ஓவியர்களிடம் படிப்பதும் விலகுவதும்

கை ஓரளவு பழகிய பிறகு நிலக்காட்சி ஓவியர்கள் பலருக்கும் ஒரு சங்கடம் வந்து சேரும். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் வேறொருவர் பெயரைச் சொல்கிறார்கள். இனி யார் படத்தையும் பார்க்காமல் இருந்தால் சொந்தப் பாணி தானாக வந்துவிடும் என்று அப்போது தோன்றும். வராது. ஏற்கெனவே கண் வழியாக உள்ளே போனவை, பார்ப்பதை நிறுத்தியதும் வெளியேறிவிடுவதில்லை. யாருடையது என்ற அடையாளம் மறந்து, நம்முடையது போலவே உள்ளே தங்கிவிடும்.

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் வேறு வழியில் போனார். தன் படங்கள் இரண்டை லண்டன் நேஷனல் கேலரிக்கு எழுதிவைத்தபோது, அவற்றைத் தனக்கு முந்தைய நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரேனின் இரண்டு படங்களோடு சேர்த்தே மாட்ட வேண்டும் என்று உயிலில் நிபந்தனை போட்டார். டர்னர் எழுதிவைத்தவற்றில் ஒன்று 1815இல் காட்சிக்கு வைத்த, கார்த்தேஜ் என்ற பழங்கால நகரத்தின் காட்சி. இருபுறமும் கட்டடங்கள், நடுவில் நீர், நேரெதிரே சூரியன் என்கிற அந்த அமைப்பு கிளாடிடம் படித்தது. சூரியனிலிருந்து பரவும் மஞ்சள் வெளிச்சம் கல்லையும் நீரையும் கரைக்கிற விதம் டர்னருடையது.

இந்தப் பிரிப்புதான் இங்கே சொல்லப்போகும் முறையின் அடிப்படை. ஒருவருடைய தாக்கம் என்று நாம் சொல்வதற்குள் பல முடிவுகள் அடங்கியிருக்கின்றன: அடிவானத்தை எங்கே வைப்பது, இருட்டுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, நிழல் சூடான நிறமா குளிர்ந்த நிறமா, விளிம்பு கூர்மையாக நிற்பதா கரைவதா, பிரஷ் எவ்வளவு அகலம், கண்ணில் படுவதில் எதை விட்டுவிடுவது. எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தால் நகல்தான் கிடைக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, உங்கள் இடத்திலும் உங்கள் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்தால் எது ஒட்டுகிறது, எது உதிர்கிறது என்று தெரியும். எண்ணெய் வண்ணம், அக்ரிலிக், வாட்டர்கலர் மூன்றுக்கும் இது பொருந்தும்.

யாரிடம் படிப்பது

மூன்று பேர் போதும். ஆனால் மூவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. மோனே, பிசாரோ, சிஸ்லி என்று, மாறும் வெளிச்சத்தை வெளியே நின்று வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகள் மூவரையே எடுத்தால், மூவருக்கும் பொதுவான பழக்கங்கள் உங்களுக்கு இயற்கையின் விதி போலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒளிக்காக ஒருவர், அமைப்புக்காக ஒருவர், முற்றிலும் வேறு ஊடகத்திலிருந்து ஒருவர் என்று எடுங்கள். ஹொக்குசாய், ஹிரோஷிகே போன்ற ஜப்பானியக் கலைஞர்களின் மரக்கட்டை அச்சுப்படங்கள் மூன்றாவது இடத்துக்கு மிக நல்லவை. எண்ணெய் வண்ணத்தில் பழகிய கண்ணுக்கு அவை காட்டும் தீர்வுகள் எதிர்பாராதவையாக இருக்கும்.

ஒவ்வொருவரிடமும் பத்துப் பன்னிரண்டு படங்கள் சேருங்கள். புகழ்பெற்றவை மட்டும் வேண்டாம். ஆரம்பகாலப் படமும் கடைசிக்காலப் படமும் கட்டாயம் இருக்கட்டும். அவருக்கு முன்னால் இருந்தவரையும் ஒரு முறை பாருங்கள். மோனேயை வெளியே அழைத்துப்போய் வரையப் பழக்கியவர் பூதான் என்ற ஓவியர். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளுக்குப் பின்னால் கிளாடும் டச்சு ஓவியர் ரய்ஸ்டாலும் இருக்கிறார்கள். நீங்கள் வியக்கிற ஒன்று அவருக்கே இன்னொருவரிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும், அதைத் தொட்டுப் பார்க்கும் துணிச்சல் வரும்.

திரையில் பார்த்துப் படிப்பவர்கள் அளவில் ஏமாறுகிறார்கள். கான்ஸ்டபிளின் 'ஹே வெய்ன்' ஏறத்தாழ 130 × 185 செ.மீ. கைபேசியில் அதன் தடித்த தீற்றல்கூட மயிரிழை போலத் தெரியும். அதனால்தான் திரையில் கற்றவர்கள் பலர் மெல்லிய பிரஷ்ஷால் நுணுக்கி நுணுக்கி வரைகிறார்கள். சுவரில் படத்தின் உண்மையான அளவுக்கு ஒட்டுநாடாவால் ஒரு சட்டம் போட்டு, அதற்குள் அந்த மரமோ வண்டியோ எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கையால் அளந்து பாருங்கள். நிறத்துக்கு, படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகமே வெளியிட்ட புகைப்படத்தைப் பயன்படுத்துங்கள். மற்றவற்றில் ஒரே படம் நான்கு நிறங்களில் கிடைக்கும்.

பிரதி எடுப்பது எப்படி

முழுப் படத்தையும் அப்படியே வரைந்து முடிப்பதில் கைக்குப் பயிற்சி கிடைக்கும். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நான்கு தனி வேலைகளாகப் பிரித்துச் செய்யுங்கள்.

முதலில் டோன், அதாவது நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் தெரியும் வெளிச்சம், இருட்டின் அளவு. மூலப் படத்தின் நீள அகல விகிதத்திலேயே, 8 அல்லது 10 செ.மீ. அகலத்தில் ஒரு சட்டம் போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோன்களில் 6பி என்ற மென்மையான கறுப்புப் பென்சிலால் நிரப்புங்கள். ஒன்றுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கோட்டுருவம் போட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். கோடு போட்டதும் மனம் மரம், வீடு, மாடு என்று பொருள்களைத் தேடும், இருட்டின் வடிவம் கண்ணில் படாது. கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதை முழுதாக நம்ப வேண்டாம். சில சிவப்புகளையும் நீலங்களையும் அது நம் கண்ணைவிட இருட்டாகவோ வெளிச்சமாகவோ காட்டிவிடும். ஒருவருடைய பத்துப் படங்களுக்கும் இப்படிச் செய்து வரிசையாக வைத்தால், அவர் கையின் இரகசியம் பாதி வெளியே வந்துவிடும். அடிவானம் கீழிருந்து எத்தனை பங்கு உயரத்தில் இருக்கிறது, இருட்டு மொத்தப் பரப்பில் ஏறத்தாழ எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றின் கீழும் எண்ணாக எழுதுங்கள்.

அடுத்தது நிறம். படத்தை வரைய வேண்டாம். 2 செ.மீ. சதுரங்கள் பன்னிரண்டு போட்டு, வானத்தின் உச்சி, அடிவானத்தை ஒட்டிய வானம், தொலைமலை, வெயில் பட்ட புல், நிழல் புல் என்று ஒவ்வொரு நிறத்தையும் கலந்து நிரப்புங்கள். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, கேட்மியம் சிவப்பு இருந்தால் பெரும்பாலான படங்களுக்கு நெருங்கிவிடலாம். இங்கே பலருக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது: பழைய நிலக்காட்சிகளில் பச்சை என்று நாம் நினைத்திருந்தது, தனியாகக் கலந்து பார்த்தால் சாம்பலுக்கும் பழுப்புக்கும் அருகில் இருக்கும். அல்ட்ராமரினோடு எல்லோ ஆக்கர் சேர்த்தாலே மங்கிய பச்சை வரும். அதில் துளி பர்ன்ட் சியன்னா விட்டால் மரநிழலுக்கான ஆழ்ந்த பச்சை. குழாயிலிருந்து பிதுக்கிய பச்சை இந்த இடத்துக்கு வரவே வராது.

மூன்றாவது, ஒரு துண்டு மட்டும். வானமும் மரக்கிளையும் சந்திக்கிற இடம் போல விளிம்புகள் நிறைந்த ஒரு பகுதியை எடுத்து, 20 × 25 செ.மீ. பலகையில், மூலத்தின் தீற்றல் அகலத்திலேயே வரையுங்கள். எது முதலில் பூசப்பட்டது, எது காய்ந்தபின் மேலே வந்தது, எது ஈரத்தில் இழுக்கப்பட்டது என்று வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

நான்காவதைத்தான் பலரும் செய்வதில்லை, அதில்தான் பலன் அதிகம். படத்தைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் வைத்துக்கொண்டு, நிறங்களை நீங்களே முடிவுசெய்து வரையுங்கள். வான் கோ 1889–90இல் பிரான்சின் சான் ரேமியில், தனக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்களைப் பிரதி எடுத்தபோது கையில் இருந்தவை பெரும்பாலும் நிறமில்லாத அச்சுகள். உருவம் மிலேயுடையது, நீலமும் மஞ்சளும் வான் கோவுடையவை. டோன் கட்டமைப்பு வேறொருவருடையது என்பதால் படம் சரிந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல், உங்கள் நிற உணர்வு எந்தப் பக்கம் சாய்கிறது என்று இந்தப் பயிற்சியில் பார்க்கலாம்.

எல்லாப் பிரதிகளின் பின்புறமும் யாருடைய எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது, என்றைக்கு என்று எழுதிவிடுங்கள். முன்புறம் உங்கள் கையெழுத்து மட்டும் போட்டுவைப்பது தவறு. உயிரோடு இருக்கும் ஓவியரின் படமென்றால் பிரதி உங்கள் அறையோடு நிற்கட்டும். அனுமதியில்லாமல் காட்சிக்கோ விற்பனைக்கோ போகக் கூடாது.

ஒரே இடம், ஒவ்வொரு முறையும் ஒரே மாற்றம்

இப்போது வெளியே போகலாம். அழகான இடம் வேண்டாம். நடந்து போகிற தூரத்தில், திரும்பத் திரும்பப் போகக்கூடிய சாதாரண இடமாக இருக்கட்டும். 15 × 20 செ.மீ. பலகைகள் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடம், நேரம், காட்சியை அடைக்கும் சட்டம் மாறக் கூடாது. ஒரு பலகைக்கு ஒரு முடிவை மட்டும் கடன் வாங்குங்கள்.

மாலை வேளை, குளத்துக்கு அப்பால் ஒரு மரவரிசை, பின்னால் வெளுத்த வானம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பலகைக்கு ஹிரோஷிகேயின் முடிவு: மரங்கள் ஒரே டோனில் தட்டையான நிழலுருவம், வானம் மேலே அடர்நீலமாகத் தொடங்கிக் கீழே வெளிறிப் போகும். அச்சுக்கட்டையில் மையைத் துடைத்தும் படிப்படியாகக் குறைத்தும் வருவித்த விளைவு அது. நீங்கள் அகன்ற பிரஷ்ஷால் ஒரே ஈரத்தில் கிடைமட்டமாக இழுத்துப் பெறலாம். இரண்டாவது பலகைக்குப் பிரெஞ்சு ஓவியர் கோரோவின் பிற்காலப் படங்களில் வரும் விளிம்பு: வானம் ஈரமாக இருக்கும்போதே, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷை மரத்திலிருந்து வானத்துக்குள் லேசாக இழுங்கள். இலைக்கூட்டத்தின் ஓரத்துக்கும் வானத்துக்கும் டோன் வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் கரையும். மரம் மிக இருட்டாக இருந்தால் அழுக்குத் தடம் போலத் தெரியும். மூன்றாவது பலகையில் யாரையும் நினைக்காமல் வரையுங்கள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதில் மரம் முதல் பலகை போலத் தட்டையாகவே இருந்து, நீரைத் தொடும் அடிப்பகுதி மட்டும் கரைந்திருக்கலாம். அப்படிச் செய்யும்படி ஹிரோஷிகேயும் சொல்லவில்லை, கோரோவும் சொல்லவில்லை. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று பலகைகளில் அது மறுபடி வருகிறதா என்று பாருங்கள்.

நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். வெளியில் வரையும் பயிற்சிப் படத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் அரை மணி நேரம் என்று 1800ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் வலென்சியென் எழுதிவிட்டார். அதைத் தாண்டினால் நிழல் நகர்ந்துவிடும், இரண்டு நேரத்து வெளிச்சம் ஒரே படத்தில் கலந்துவிடும். கான்ஸ்டபிள் 1821–22இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெடில் வரைந்த வானப் பயிற்சிப் படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறார். அவற்றோடு, எந்த முடிவைச் சோதித்தீர்கள், எங்கே தோற்றது என்ற ஒரு வரியையும் நீங்கள் சேர்த்து எழுதுங்கள்.

கடன் வாங்கிய வெளிச்சம்தான் மிக எளிதாகக் காட்டிக்கொடுக்கும். இம்ப்ரெஷனிஸ்டுகளின் ஊதாநீல நிழல் பலருக்கும் பிடிக்கும். மேகமில்லாத பகலில், வெயில் படாத இடத்துக்கு நீல வானத்தின் ஒளி மட்டும் வந்து சேர்வதால் நிழல் நீலம் காட்டுகிறது. வானம் மூடியிருக்கும்போது அந்தக் காரணமே இல்லை. சிவந்த மண்ணுக்கு மேலே நிற்கும் சுவரின் நிழலில் மண்ணின் சூடான ஒளி ஏறியிருக்கும். எங்கும் ஒரே ஊதாவைப் போட்டால், நீங்கள் இடத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

பிழையா, கைவாகா?

இருபது படங்கள் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். முன்பு பிறர் படங்களுக்குச் செய்த அதே மூன்று டோன் சட்டத்தையும் எண்களையும் உங்கள் படங்களுக்கும் செய்யுங்கள். உங்கள் மூன்று ஓவியர்களிடம் இல்லாத ஒன்று பாதிக்கு மேற்பட்ட படங்களில் வருகிறதென்றால், அது ஒன்று பிழை, இல்லையென்றால் உங்கள் கைவாகு. இரண்டையும் பிரித்தறிய ஒரே சோதனைதான்: இரண்டு படங்களில் அதை வேண்டுமென்றே திருத்திப் பாருங்கள். படம் தேறினால் பிழை. படம் சரியாகவும் அதேசமயம் யாரோ வரைந்தது போலவும் ஆகிவிட்டால், திருத்துவதற்கு முன் இருந்ததைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடிவானம் எப்போதும் சரிபாதியில் நிற்பது பெரும்பாலும் யோசிக்காததால் வருவது. இலைகள் எல்லாம் ஒரே அளவுப் புள்ளிகளாக இருந்தால் பிரஷ் சிறிது, மணிக்கட்டு மட்டும் அசைகிறது, 25 மி.மீ. தட்டைப் பிரஷ்ஷை எடுத்துத் தோளிலிருந்து வீசுங்கள், போய்விடும். முன்புறத்தை எப்போதும் காலியாக விடுவது, வானத்தை ஒரு கீற்றாகச் சுருக்கிவிடுவது, வெளிச்சத்தைவிட நிழலுக்குள் அதிக நிறம் வைப்பது போன்றவற்றை மட்டும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள்.

பிரஷ்ஷுக்குப் பதில் முழுக்கப் பேலட் கத்தியால் (வண்ணம் கலக்கும் தட்டைக் கத்தி) பூசுவது, எல்லாவற்றுக்கும் கறுப்பு வெளிக்கோடு, கண்ணைப் பறிக்கும் ஒரு நிறம் ஆகியவற்றைச் சொந்தப் பாணி என்று எண்ணிக்கொள்வது பரவலான ஆபத்து. பார்த்தவுடன் அடையாளம் தெரியும், பாராட்டும் கிடைக்கும், அதனாலேயே அதிலிருந்து வெளியே வருவது கடினம். அந்த ஒன்றை எடுத்துவிட்டு அதே காட்சியை மூன்று டோனில் போட்டுப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் கீழே கட்டமைப்பு இல்லை.

மாற்றமும் ஒரே தாவலில் வர வேண்டியதில்லை. டச்சு ஓவியர் மொந்திரியான் 1908 முதல் 1912 வரை வரைந்த மரங்களை வரிசையாகப் பாருங்கள். சிவப்பு மரத்தில் நிறம் பொங்குகிறது, கிளை கிளையாகவே இருக்கிறது. 1911இன் சாம்பல் மரத்தில் நிறம் அடங்கிக் கிளைகள் வளைகோடுகளாகின்றன. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில் வளைவுகள் மட்டும் மிஞ்சுகின்றன. பொருள்களைத் துண்டுதுண்டான வடிவங்களாக உடைத்துக் காட்டிய க்யூபிசத்தின் தாக்கம் கடைசி இரண்டில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே அவர் பார்த்துக்கொண்டிருந்த மரத்தின் மேல் வந்து படிந்தது.

வேறு சில தடைகளும் உண்டு. வாரம் ஒரு ஓவியரைப் பிடித்துக்கொண்டால் எதுவும் உள்ளே இறங்காது. ஒருவருக்கு ஆறு வாரமாவது கொடுங்கள். பிறர் எடுத்த புகைப்படத்திலிருந்து வரைந்தால் சட்டம், நேரம், வெளிச்சம் மூன்றையும் அவரே முடிவுசெய்துவிட்டார், உங்களுக்கு மிச்சம் பூச்சு வேலைதான். சோதனைப் பலகைகளை உடனுக்குடன் எல்லோருக்கும் காட்டாதீர்கள்; பாராட்டு பெரும்பாலும் பழகிய சாயலுக்கே விழும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முதலில் பிரதி எடுத்த அதே துண்டைப் பழைய பிரதியைப் பார்க்காமல் மறுபடி எடுங்கள். பிறகு இரண்டையும் மூலத்தோடு ஒப்பிட்டு, இப்போது எங்கெங்கே அவரைவிட்டு விலகியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கை போதாமல் விலகிய இடங்களைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அவர் செய்தது பிடிக்காமல் விலகிய இடங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆறு பலகைகளை அதை வைத்தே தொடங்குங்கள்.