முதல் வகுப்புக்குச் சாமான் வாங்கும் முன்

ஜூன் மாதப் பள்ளித் திறப்பை முன்னிட்டுத் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டைக் கடைகளிலும் கூட்டம் சேர்வதற்கு முன்பே, பள்ளியில் என்னென்ன தருவார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அரசுப் பள்ளியானால் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை, காலணி ஆகியவை விலையின்றியே கிடைக்கும்.

தண்ணீர் பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் அழகு பார்த்து வாங்காமல், கடையிலேயே பிள்ளையின் கையில் கொடுத்துத் திறந்து மூடச் சொல்ல வேண்டும். சில பாக்ஸ்களின் பக்கவாட்டுக் கிளிப் ஐந்து வயது விரலுக்கு அசைந்தே கொடுக்காது. அதில் வைத்த தயிர்ச்சாதம் மாலையில் அப்படியே வீடு திரும்பும். ஷூவில் நாடாவைவிட ஒட்டுப்பட்டையே மேல்; விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும்.

முதல் இரண்டு வகுப்புகளுக்குப் புத்தகப் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கை சொன்னது. ஆகவே, வெறும் பையே கனத்தால், பொம்மைப் படத்துக்காகப் பிள்ளை எவ்வளவு அடம் பிடித்தாலும் அதை விட்டுவிடலாம். மழைக்கோட்டைப் பொறுத்தவரை, ஜூனிலேயே சாரல் விழும் தென்காசிப் பக்கத்தார் உடனே வாங்கலாம். திருநெல்வேலியில் இருப்போர் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் வரை பொறுத்து, பிள்ளையின் அன்றைய உயரத்துக்கு ஏற்ப வாங்கிக்கொள்ளலாம்.